மூக்குத்தியும் மூச்சு மிஷினும்

நான் குறட்டை விடுவேன். ஆம்பிளை குறட்டை விட்டால் அது உழைத்த களைப்பு, பொம்பிளை விட்டால் ஊருக்கு வேடிக்கை. இந்த நியாயத்தை எழுதினவர் யாரென்று தெரிந்தால் நிற்க வைத்து இரண்டு கேள்வி கேட்பேன். கல்யாண மண்டபத்தில் ராத்தங்க வேண்டி வந்தால் நான் படுப்பதே கிடையாது. சமையல்கட்டில் போய் உட்கார்ந்து விடிய விடிய வெங்காயம் உரிப்பேன், கத்தரிக்காய் நறுக்குவேன். "அவளப் பாருங்கடி, எவ்ளோ பொறுப்பு" என்று சொந்தக்காரர்கள் தங்கள் மருமகள்களிடம் என்னைக் காட்டிப் பேசுவார்கள். பொறுப்பாவது ஒன்றாவது. நான் படுத்தால் மண்டபமே எழுந்து உட்கார்ந்துவிடும் என்ற பயம்தான்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு தையல் கடை உண்டு. வீடு பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கொல்லை நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவார். நான் ஸ்கூட்டரில் கடைக்குப் போய் வருவேன். அந்த ஸ்கூட்டர் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. வாங்கின பிறகுதான் எனக்குக் கால் முளைத்தது போல இருந்தது.

இரண்டு வருஷமாகப் பகலில் தூக்கம் பிடித்து ஆட்டியது. ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தும் காலையில் எழும்போது யாரோ என்னை அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். தைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன். ஒரு நாள் ஊசி விரல் நகத்தில் இறங்கிய பிறகுதான் கண்ணையே திறந்தேன். ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது டேப்பைக் கையில் பிடித்தபடி கண் சொருகி, வந்த பெண் சிரித்துவிட்டாள். வயசாகிறது, சத்து இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு பேரீச்சம்பழம் தின்றேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம், கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, ஸ்கூட்டர் ரோட்டை விட்டு இறங்கியது. எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் மல்லாட்டைக் கொல்லையில் கிடந்தேன். சக்கரம் மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. முட்டி பெயர்ந்து ரத்தம். கொல்லைக்காரர் ஓடி வந்து, "இன்னாம்மா, பிரேக்கு புடிக்கலியா?" என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் அந்தப் பொய் எடுபடவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், நன்றாகவே பிடித்தது. "தூங்கிக்கினு வண்டி ஓட்டினியா?" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான், அதன் பிறகு அந்தச் சாவியை நான் பார்க்கவில்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினேன்.

"இந்தத் தூக்க பேஜாரு தீந்துச்சின்னு எனக்குத் தெரியட்டும். அப்பறம் குடுக்கறேன்" என்றார்.

எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால், அது வருகிறது. எப்போது வருகிறது என்பதைக் கேட்கக்கூடாது. அதை நம்பிப் போனால் கடை திறக்க உச்சிப்பொழுதாகிவிடும், பொழுது சாயும் முன்னே பூட்டவும் வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் துணி கொடுத்துவிட்டுப் போக வருவார்கள், பூட்டைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். வண்டி இல்லை என்றால் கடை இல்லை. கடை இல்லை என்றால் நான் யார்? கொல்லைக்குச் சோறு எடுத்துப் போகிறவள். சோறு எடுத்துப் போவது கேவலம் இல்லை. ஆனால் அது மட்டுமே நான் என்று ஆகிவிடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சாவியைத் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தேன்.

என்னிடம் துணி தைக்கும் நர்ஸ் ஒருத்திதான் வழி சொன்னாள். "அக்கா, இது சத்துக் கொறைச்சல் இல்ல. விழுப்புரத்துல காது மூக்கு டாக்டரப் போய் பாருங்க." போனேன். டாக்டர் வயசில் சின்னவர். சிரிக்காமல் கேட்டார், அதற்கே அவரைக் கும்பிடலாம். ஒரு ராத்திரி விரலிலும் நெஞ்சிலும் ஒயர்களைக் கட்டித் தூங்கச் சொன்னார்கள். மறுநாள் அவர் விளக்கினார். தூங்கும்போது என் தொண்டை மூடிக்கொள்கிறதாம். மூச்சு நின்று போகிறதாம். மூளை பதறி என்னை எழுப்புகிறதாம். ராத்திரி முழுக்க இதே கதை, எனக்கு மட்டும் நினைவில் இருப்பதில்லை.

"தூங்கறப்ப மூக்குல மாஸ்க் போட்டுக்கணும். ஒரு மிஷின் காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும், தொண்டை மூடாது. தினமும் போடணும்மா" என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "மிஷின் போட்டு நல்லா தூங்கி, பகல்ல தூக்கம் வரலைன்னா ஓட்டலாம். அதுவரைக்கும் தொடவே கூடாது" என்றார்.

எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ஓட்டலாம் என்றது மட்டும் விழுந்தது.

எங்களிடம் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுக் கவுண்ட்டரில் போய் நின்றேன். உள்ளே இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், ஆபரேஷன் என்றால், அட்டையில் வரும். வீட்டில் வைத்துக்கொள்ளும் மிஷின் அதில் வராது. "அப்ப மூச்சு நின்னு ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தா வருமா?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வரும்க்கா" என்றாள். அவளைக் கோபித்து என்ன பிரயோஜனம்? அட்டையை மறுபடி உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓவர்லாக் மிஷின் வாங்குவதற்கென்று நான் பணம் சேர்த்து வைத்திருந்தேன். துணி ஓரத்தில் நூல் பிரியாமல் அடிக்கும் மிஷின் அது. அது இல்லாத தையல் கடையை இப்போதெல்லாம் யாரும் கடையாகவே மதிப்பதில்லை. அந்தப் பணத்தை எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"கொறட்டைக்கா இவ்ளோ காசு? ஒருக்களிச்சிப் படுத்துக்கோ" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒருக்களிச்சிப் படுத்தா சாவியக் குடுப்பீங்களா?"

நான் போய்ப் பணத்தை எடுத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் மருத்துவச் சாமான் விற்கும் கடை. சக்கர நாற்காலிகளுக்கும் ஊன்றுகோல்களுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார் கடைக்காரர். மிஷின் டிபன் டப்பா அளவுதான், அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மாஸ்க். முதலில் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கை மாட்டினார். கிணற்றில் அமுக்கின மாதிரி இருந்தது, பிடுங்கி எறிந்தேன். அடுத்து மூக்குக்கு மட்டுமான சின்னது. அதை மாட்டுவதற்கு முன்னால் ஒரு அட்டையை வைத்து என் மூக்கை அளந்தார். ஊரார் கழுத்தையும் தோளையும் அளந்தே வாழ்ந்த எனக்கு, என் மூக்கை ஒருவர் அளப்பது சிரிப்பாக இருந்தது. நான் பதிலுக்கு மாஸ்க்கின் பட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். ஓரத்தில் நூல் விட்டிருந்தது. "இந்தத் தையலுக்கு இந்த வெலையா?" என்றேன். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசி, மாற்றுப் பட்டை ஒன்றை இலவசமாக வாங்கினேன்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்கக்கா. ஒத்துக்கலன்னா எடுத்துக்கினு வாங்க, பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன். ஒரு வாரம் தாண்டிச்சின்னா வாங்க மாட்டேன்" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அது என்னவென்று அப்போது நான் கேட்கவில்லை.

உள் அறையில், விதை மல்லாட்டை மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு மிஷினை வைத்தேன். படுத்தேன், மாட்டினேன். புஸ் என்று காற்று கசிந்தது. மூக்குக்கு இடது பக்கத்தில் இருந்து நேராகக் கண்ணுக்குள் அடித்தது. பட்டையை இறுக்கினால் கன்னத்தில் பள்ளம் விழுந்தது, காற்று மட்டும் நிற்கவில்லை. அன்றும் தூக்கமில்லை, மறுநாளும் இல்லை.

தையல்காரிக்கு எதைப் பார்த்தாலும் ஒரு பிடி பிடித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். மெல்லிய மல் துணியில் ஒரு வளையம் வெட்டி, பஞ்சு வைத்து, மாஸ்க்கின் விளிம்புக்கு அளவாகத் தைத்து மாட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டதும் நாலு பக்கமும் காற்று சீறியது. என் வேலைப்பாட்டை நானே பிய்த்துப் போட்டுவிட்டு, கடைக்காரருக்கு போன் செய்து கத்தினேன்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. அன்னிக்கே சொல்லலாம்னு இருந்தேன். உங்க மூக்குத்திதான் இடிக்குது. தாலியோட இருக்கற பொம்பளகிட்ட அதக் கழட்டுன்னு எப்பிடிச் சொல்றது?" என்றார்.

என் மூக்குத்தி ஏழு கல் வைத்தது. கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் போட்டது. போட்டதிலிருந்து கழற்றியது இல்லை, பிரசவத்தில்கூட இல்லை. எங்கள் பக்கம் மூக்குத்தியைக் கழற்றி வெறும் மூக்காக இருப்பது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், புருஷன் போய்விட்டான். பூவும் பொட்டும் போகும் அன்றைக்கு மூக்குத்தியும் போகும். கண்ணாடி முன்னால் நின்று அதையே பார்த்தேன். இவ்வளவு பெரிய மிஷின், அவ்வளவு பணம், எல்லாவற்றையும் ஒரு பருப்பு அளவு நகை தடுத்து நிறுத்துகிறதே என்று ஆத்திரமாக வந்தது. கழற்றிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினேன். திருகாணி அசையவில்லை. இத்தனை வருஷ அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து சதையோடு சதையாக இறுகிக் கிடந்தது. குறடு வைத்துப் பிடித்ததில் ரத்தம்தான் வந்தது.

திண்டிவனம் கடைத்தெருவில் நகை செய்யும் பத்தர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவரிடம் போனேன். மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்றதும் அவர் கையில் இருந்த ஊதுகுழலைக் கீழே வைத்தார். என் கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. நெற்றியைப் பார்த்தார். பொட்டும் இருந்தது.

"யாருக்கு இன்னாம்மா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ராத்திரில கழட்டி வெக்கணும், காலைல போட்டுக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி திருகாணிய மாத்திக் குடுங்க."

"தெனமும் ராத்திரியா?" அவர் பயந்தே போனார். "தாயி, இந்தக் கைல எத்தினியோ பேருக்கு மூக்குத்தி போட்டு வுட்டிருக்கேன். கட்டினவன் உசுரோட இருக்கறப்ப ஒருத்தி மூக்க வெறும் மூக்கா ஆக்கினதில்ல. உன் வூட்டுக்காரர இட்டுக்கினு வா. அவர் வாயால சொல்லட்டும்."

கடையை விட்டு இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது. மூக்கு என்னுடையது, மூச்சு என்னுடையது, மிஷின் என் பணத்தில் வாங்கியது. கழற்றுவதற்கு மட்டும் இன்னொருவர் வாய் வேண்டுமாம். ஆனால் வாரம் முடிய அதிக நாள் இல்லை. கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன தைக்க முடியும்? அதை அப்படியே முடிந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே, "அதெல்லாம் வேணாம். மிஷினத் திருப்பிக் குடுத்துடு" என்றார்.

"ஏன்?"

"காலைல நீ வெறும் மூக்கோட வாசல் தெளிச்சா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? நான் செத்துட்டேன்னு நெனைப்பாங்க."

"நீங்க செத்துட்டீங்கன்னு நாலு பேர் நெனைச்சா, நீங்க வெளிய வந்து நின்னா போதும், தெளிஞ்சிடும். நான் தூக்கத்துல செத்துட்டா? நான் எங்க வந்து நிக்கிறது?"

அவர் கை நின்றது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். சோற்றைப் போட்டு வைத்தேன், சாப்பிட வரவில்லை. சரி, இந்த மனிதர் வரப்போவதில்லை, வேறு ஊரில் வேறு பத்தரைத் தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். வளவனூரில் என் சித்தி மகள் இருக்கிறாள், அவளைக் கேட்கலாம். தாலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, புருஷன் இல்லை என்று ஒரே ஒரு பொய் சொன்னால் கழற்றிவிடுவார்கள். அந்தப் பொய்யைச் சொல்லும் அளவுக்கு நான் துணிந்துவிட்டேன்.

காலையில் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கல்யாணத்துக்கும் பத்திரப்பதிவுக்கும் மட்டும் எடுக்கும் சட்டை அது. "வா, ஜல்தியா போய்க்கினு வந்துடலாம்" என்றார்.

பத்தர் அவரைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. கடையில் கொலுசு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேச வாயெடுத்தேன். அவர் கையால் தடுத்தார்.

"நான்தாங்க இவ வூட்டுக்காரன். உசுரோட நிக்கிறேன், பாத்துக்கங்க" என்றார். பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "ராத்திரில இவளுக்கு மூச்சு நின்னுப்பூடுதுங்க. டாக்டரு இப்பத்தான் சொன்னாரு. எனக்கு எத்தினியோ வருசமாத் தெரியும். சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துடும். தோளப் புடிச்சி ஆட்டுவேன், மூச்சு வரும். மறுபடி படுப்பேன், மறுபடி நிக்கும். நானும் பகல் முச்சூடும் வெயில்ல வேல செய்யிறவன். ஒரு நா அசந்து தூங்கிட்டேன்னா இன்னா பண்றது? கழட்டுங்க."

அந்தக் கை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக என் தோளை உலுக்கும் கை. குறட்டை பொறுக்காமல் எழுப்புகிறார் என்று நினைத்து, அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் பயப்படுவேன் என்று நினைத்தாரோ, சொல்லத்தான் தெரியவில்லையோ. அந்தக் கடையில் அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்தது. இந்த முறை கோபத்தில் வரவில்லை.

பத்தர் என்னவோ முணுமுணுத்து, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சின்ன அரத்தால் திருகாணியை அறுத்து எடுத்தார். வலித்தது. அன்றைக்கே புதுத் திருகாணி செய்து, எப்படிக் கழற்றுவது, எப்படிப் போடுவது என்று எனக்குக் காட்டினார். "இனிமே இதுக்கு யாரும் வேணாம் தாயி, நீயே கழட்டிக்கலாம்" என்றார். அதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி மூக்குத்தியைக் கழற்றி முக்காலி மேல் வைத்தேன். மாஸ்க்கை மாட்டினேன். கசிவு இல்லை. காற்று உள்ளே போனது, வந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. தலை கனக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, மூக்குத்தியை நானே போட்டுக்கொண்டேன். ஒரே திருகு, போய் உட்கார்ந்தது.

பால்காரர் வந்து மணி அடித்துவிட்டுப் போயிருக்கிறார், என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. கோழி கூவும் முன்னே எழுகிற மனிதர், வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தார். கிட்டே போய் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தேன். சூடாக மூச்சு வந்தது. தூக்கம்தான், வருஷக்கணக்காகத் தூங்காமல் சேர்த்து வைத்த தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை.

அதே மாதிரி நாட்கள் போயின. கடையில் உட்கார்ந்தால் கண் சொருகவில்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் தூங்காமல் வந்தேன். விழுப்புரம் டாக்டரும் பார்த்துவிட்டுச் சரி என்றார். சாவியை மட்டும் நான் கேட்கவில்லை. தனக்குத் தெரியட்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார் அல்லவா, தெரியட்டும் என்றுதான் இருந்தேன்.

ஒரு காலை நான் கிளம்பும்போது அவர் இன்னும் பாயில் படுத்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"வெத மூட்டைல இருக்குது."

விதைக்கு எடுத்து வைத்த மூட்டையை விதைக்கும் நாள் வரை எங்கள் வீட்டில் யாரும் அவிழ்ப்பதில்லை. நான் தொட மாட்டேன் என்று தெரிந்துதான் சாவியை அதில் வைத்திருக்கிறார். ராத்திரி தோறும் என் தலைமாட்டில்தான் அது இருந்திருக்கிறது. "வெதைக்கற வரைக்கும் அவுக்கக் கூடாதே" என்றேன்.

"பரவால்ல, அவுத்துக்கோ" என்றார். திரும்பிப் படுத்து, குறட்டை விட ஆரம்பித்தார்.

நான் மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கையை விட்டேன்.